என் தலைமேல் ஒரு சத்தியம்

சித்தப்பாவின் கையில் எப்போதும் மோட்டார் கிரீஸும் ஈர மண்ணும் கலந்த வாடை அடிக்கும். எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாத அந்த வாடை எனக்குப் பிடிக்கும். திண்டிவனத்தில் நான் படித்த பள்ளிக்கு அவர்தான் தினமும் என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார் என்பதால், ஹேண்டில்பாரைப் பிடித்த அந்தக் கைகளுக்கு நடுவில்தான் என் சின்ன வயதில் பாதி கழிந்தது. அவருக்குப் பிள்ளை இல்லை. ஊரார் என்னை அவர் மகள் என்றே சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை.

அப்பாவும் அவரும் பாகம் பிரித்துக்கொண்டபோது கிணறு சித்தப்பா பங்குக்குப் போய்விட்டது. அப்போது உயிரோடிருந்த தாத்தா, அண்ணன் தம்பி இருவரையும் தனியே உட்காரவைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆளுக்கு "மொற தண்ணி" என்று வாயால் சொன்னதோடு சரி, பத்திரத்தில் எழுதவில்லை. எனக்கு அது தெரிந்ததே சித்தப்பா சொல்லித்தான். "பாதிக் கெணறு உங்களுதும்மா, பெரியவளானா மொற தண்ணி கேட்டுக்கினு என்னாண்ட சண்டைக்கு வருவியா?" என்று பெடல் மிதித்தபடியே என்னைச் சீண்டுவார்.

நான் ஐந்தாவது படித்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் தண்ணீர் கீழே போனதும், அப்படி ஒரு முறையே கிடையாது என்று சித்தப்பா சொல்லிவிட்டார். தாத்தா போய்ச் சேர்ந்திருந்தார், வேறு சாட்சி இல்லை. எங்கள் "மல்லாட்டை", அதாவது நிலக்கடலை, பூ விட்ட நிலையில் வாடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட வழக்கெல்லாம் கடைசியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குத்தான் வரும். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. அப்பாவுக்கோ கற்பூரம் போதவில்லை. என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, "இவ தலயில கை வெச்சி சொல்லுடா, நம்பிடறேன்" என்றார். பொய்யாகச் செய்தால் அந்தக் குழந்தையின் உயிர் போகும் என்பது ஊரறிந்த விஷயம். என்மேல் உயிரையே வைத்திருக்கும் தம்பி அந்த இடத்தில் மட்டும் பொய் சொல்லமாட்டான் என்று அப்பா நினைத்திருக்கிறார். அம்மா மட்டும், "எம்புள்ளய எதுக்கு நடுவுல இழுக்கறீங்க" என்று கத்தினாள், யாரும் காதில் வாங்கவில்லை.

சித்தப்பா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு தலையில் கை வைத்து, "எங்கப்பன் அப்பிடி ஒரு மொறயும் சொல்லல" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அது பொய் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும், நான் சாகப்போகிறேன் என்பதும் தெரிந்துவிடும். பத்து வயதில் எனக்கு எட்டிய புத்தி அவ்வளவுதான். "ஒரு மண்டலத்துக்குள்ள அம்மன் காட்டிக் குடுத்துடுவா" என்று பெரியவர்கள் சொன்னதால், நாற்பத்தெட்டு நாட்களையும் நோட்டின் பின்னட்டையில் கோடு போட்டு எண்ணினேன். இனி எதற்கு என்று கலர் பென்சில் டப்பாவைப் பக்கத்து வீட்டுச் செல்விக்குக் கொடுத்துவிட்டேன். நடுவில் மூன்று நாள் காய்ச்சல் வந்து படுத்தபோது, சாவதைவிட, சித்தப்பா இதற்குச் சம்மதித்தார் என்பதையே அதிகம் நினைத்து அழுதேன்.

நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் போன ஒரு பெரியவர் நின்று அப்பாவிடம், "புள்ள நல்லாத்தான இருக்குது. அப்போ உந்தம்பி சொன்னது நெஜந்தான்" என்றார். இனி பயமில்லை என்று, சித்தப்பா சைக்கிளில் சொன்னதை அந்தப் பெரியவரிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "பொய்யின்னா நீ எப்பிடிம்மா இங்க நிக்கிற?" என்று கேட்டார். நான் சாகாமல் இருந்ததே அப்பாவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அப்போது அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மல்லாட்டை காய்ந்துபோனது, அப்பா விழுப்புரம் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போனார்.

அம்மன் என்னை எடுத்துக்கொண்டிருந்தால் அப்பா ஜெயித்திருப்பாரே என்று பல வருடம் புழுங்கினேன், கோயில் பக்கமே போகவில்லை. பிறகு என் மகள் டெங்கு வந்து விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், எவனோ சொன்ன பொய்க்கு எந்தத் தாயாவது பிள்ளையை எடுப்பாளா என்று உறைத்தது. பெரியவர்கள் என்னை வைத்துக் கட்டிய பந்தயத்தை அம்மன் ஏற்கவே இல்லை. அன்றிலிருந்து கும்பிடுகிறேன், மனதாரத்தான். பிள்ளை மேல் ஆணை என்று என் வீட்டில் யார் பேச்செடுத்தாலும் சண்டைக்குப் போகிறேன்.

இப்போது அந்தக் கிணறு இல்லை. மூடி, பிளாட் போட்டு, கல் நட்டுவிட்டார்கள். கற்பூரம் அணைக்கவும் யாரும் வருவதில்லை, நேரே கோர்ட்டுதான். சித்தப்பா காணை கிராமத்தில் மச்சான் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன்.

"நீங்க செஞ்சது பொய்ச் சத்தியம்னு எனக்கு அப்பவே தெரியும் சித்தப்பா" என்றேன்.

அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார். "ஒனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எனக்கும் தெரியும்மா. அம்மன் கொழந்தய எடுக்க மாட்டா. அந்த தைரியத்துலதான் கைய வெச்சேன்."

இத்தனை வருடம் அழுது நான் வந்து சேர்ந்த நம்பிக்கை, அந்த மனிதரிடம் அன்றைக்கே இருந்திருக்கிறது. அதை வைத்துத்தான் எங்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டார்.