ஆஸ்பத்திரி பார்த்தியாண்ணே?

கல்லூரி பார்க்கப் போனது அப்பாவும் மாமாவும் நானும். நர்சிங் படிக்கப்போகிற தங்கை செல்வியைக் கூட்டிப்போகவில்லை. பெண் படிக்கிற இடத்தையும் ஆண்கள்தான் பார்த்து முடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போது அவள் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணே, காலேஜுக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வா."

அங்கே ஆபீஸில் இருந்தவர் இங்கிலீஷில் பேசினார்.

"ஏலே, நீதான படிச்சவன், கேளு" என்றார் அப்பா.

தப்பாகப் பேசி மானம் போய்விடுமோ என்று பயந்து, எல்லாவற்றுக்கும் "எஸ் சார்" என்று தலையாட்டினேன். திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறியவர்களிடமெல்லாம் மாமா, "எம் மருமவன் இங்கிலீசுல பொளந்துட்டாம்ல" என்று பெருமையடித்தார்.

"ஆஸ்பத்திரி பாத்தியாண்ணே?" வாசலிலேயே கேட்டாள் செல்வி.

"எம்புட்டுப் பெருசு தெரியுமா!" என்றேன்.

பக்கத்து ஊரான தேவதானத்தில் இருந்த எங்கள் வயலை விற்று அவளைச் சேர்த்தோம். முதல் வாரமே கடிதம் வந்தது. எழுத்தறியாத அப்பாவுக்கு நான் உரக்க வாசித்தேன்: 'அண்ணன் சொன்ன மாதிரியே ஆஸ்பத்திரி பெருசா இருக்கு.' தப்பித்தேன் என்று மூச்சுவிட்டேன்.

நான்கு வருடம் கழித்து நர்சிங் கவுன்சிலில் அவளைப் பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். கல்லூரிக்கு ஆஸ்பத்திரியும் இல்லை, அங்கீகாரமும் இல்லை.

"பொறவு ஏன்ட்டி அப்படி எழுதுன?"

"வயல வித்தாச்சு. அந்த லெட்டர அப்பா முன்னால நீதானண்ணே வாசிப்ப."

இப்போது மில் வேலைக்குப் போகிறாள். அப்பா அவளைத்தான் ஏசுகிறார். உண்மையை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அவர் ஏசும்போதெல்லாம் சொல்லிக்காட்டுகிற, வயல் விற்ற தொகை, முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.