பரிசலுக்குப் பூசும் ரெசினும் என் முன்பல்லும்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், ஒகேனக்கல்லில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் பரிசல் ஓட்டுகிறவன். சில ஆண்டுகளுக்கு முன் பாறையில் முகம் மோதி, மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போய்விட்டன. தருமபுரியில் ஒரு பல் டாக்டரம்மா தாடை எலும்பில் திருகுபோல இரண்டு இம்பிளான்ட் இறக்கி, அவற்றின் மேல் நான்கு பற்களையும் ஒரே துண்டாகப் பொருத்தினார். உள்ளே உலோகத்துக்குப் பதிலாக, கண்ணாடி இழையைப் பிசினில் இறுக்கிச் செய்த சட்டம். எடை குறைவு, கடிக்கும்போது எலும்புக்கு அதிர்ச்சி குறையும், மேலே உடைந்தால் வாயில் வைத்தே சரிசெய்யலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பரிசலும் ஃபைபர்தான். அதில் விரிசல் விட்டால் இழைத்துணி வைத்து, ரெசின் என்ற பிசினைப் பூசி நானே அடைத்துவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை, லைஃப் ஜாக்கெட் வாரில் விழுந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தேன். கைக்கு வராத முடிச்சைப் பல்லுக்குக் கொடுப்பது பரிசல்காரர்களின் பழக்கம். டக் என்றது. ஒரு பல்லின் வெள்ளை முகம் பெயர்ந்து, உள்ளே இழை தெரிந்தது. மறுநாள் காலை பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தால், திங்கட்கிழமை வரச் சொன்னார். அதுவரை அதில் எதையும் வைக்கக் கூடாது என்றும் சொன்னார்.

என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நாளைக்கு வாயத் தொறக்காம உக்காந்துக்கங்க. யாராச்சும் கேட்டா மௌன விரதம்னு சொல்லிக்கறேன்."

எனக்கு மனம் கேட்கவில்லை. இதற்கு முன் வந்த வரன்கள் ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிப் போயிருந்தன. இதுவும் என் பல்லால் கெட்டுவிடுமோ என்று பயம். அதுவும் ஃபைபர், இதுவும் ஃபைபர் என்று என் புத்தி கணக்குப் போட்டது. விடிந்ததும் கொல்லையில் உட்கார்ந்து, கொட்டாங்குச்சியில் ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்தேன். நெடி மூக்கில் ஏறியது. சின்ன பிரஷ்ஷில் தொட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க!"

திரும்பினால் மாப்பிள்ளையின் அப்பா. முதல் பஸ்ஸுக்கே வந்து இறங்கி, கால் கழுவக் கொல்லைப் பக்கம் வந்திருக்கிறார். எனக்கு மானமே போய்விட்டது. வாயைப் பொத்திக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் பிரஷ்ஷைப் பிடுங்கி எறிந்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் வாயில் விரலை விட்டு மேல் பல்செட் முழுவதையும் கழற்றிக் காட்டினார்.

"எங்கதையப் பாருங்க. எங்க உங்க வூட்டுல பலகாரம் திங்கறப்ப கழண்டு வுழுமோன்னு வழியெல்லாம் பயந்துக்கிட்டே வர்றேன்" என்றார், பொக்கை வாயால். இருவரும் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்பை விட்டு ஓடிவந்தாள்.

பிறகு வீட்டுக்குள் எல்லோரும் உட்கார்ந்ததும் அவரே முந்திக்கொண்டார். "சம்பந்திக்குப் பல்லு ஒடஞ்சிருக்குது. அவரைப் பேசச் சொல்லித் தொந்தரவு பண்ணாதீங்க." பெண்ணை இன்னும் கூடத்துக்கே அழைத்து வரவில்லை. அதற்குள் சம்பந்தி! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை டாக்டரம்மா அந்தப் பல்லைச் சுரண்டி, புதிதாக ஒரு பூச்சு வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். ரெசின் கதையைச் சொன்னதும் அவருக்கு வந்ததே கோபம். "இழை ஒண்ணா இருக்கலாங்க, பிசின் வேற. அந்த ஹார்டனர் பட்டிருந்தா ஈறு வெந்து போயிருக்கும். புண்ணு உள்ள எறங்கி, திருகு நிக்கற எலும்பே கெட்டிருக்கும்" என்றார்.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. இன்னொருவர் கூச்சப்பட்டு நிற்கக் கூடாது என்பதற்காகத் தன் பல்லையே கழற்றிக் காட்டிய மனிதரின் வீட்டில் என் மகள் வாழ்கிறாள் என்ற நினைப்பில், நான் இன்றும் நிம்மதியாகத் தூங்குகிறேன்.