காலியாக வந்த பட்டியல்

இல்போ கார்ப்பினென் போராடிப் பெற்றவை சில உண்டு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், நாற்பத்தேழாம் வயதில் மென்பொருள் சோதிக்கும் வேலையைப் பெற்றான். பதினாறு ஆண்டு காகித ஆலையில் நின்று இடது காது கேட்காமல் போனவன், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டங்களில் உட்காரப் பழகினான். ஆலை மூடிய பிறகு பனி வாரினான், கிடங்கில் பெட்டி தூக்கினான், பிறகு தன் வயதில் பாதிகூட ஆகாதவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து ஜாவா என்ற கணினி மொழியைக் கற்றான். ஆங்கிலக் கையேடுகளை அகராதி வைத்துப் படித்தான். புரியாத சொற்களை எழுதி வைத்த நோட்டுகள் மட்டும் ஏழு. கடைசியாக, 2019 நவம்பரில், அலுவலகமே வேண்டாம் என்றபோது நான்கு நாள் அவகாசம் பெற்றான்.

அந்த வாரத்தில் அவன் அக்கா ரைலாவும் எதிர்ப்பக்கம்தான் இருந்தாள். அதை அவள் யாரிடமும் மறைப்பதில்லை.

ரைலா கயானி என்ற அவர்கள் ஊரின் நகராட்சியில் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர். தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குக் காலையில் போய், மாத்திரை கொடுத்து, இன்சுலின் ஊசி போட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். அதுவரை யார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு என்பது காகிதத்தில் வந்தது. இனி கைபேசியில் வரப்போகிறது. கைபேசி "இன்றைக்கு யார் யார்?" என்று கேட்கும், எங்கோ இருக்கும் சர்வரில் ஒரு சேவை அதற்குப் பதில் சொல்லும். அந்தச் சேவையைச் செய்துகொண்டிருந்தது இல்போ வேலை பார்த்த சிறிய நிறுவனம். சோதிப்பது இல்போவின் வேலை. டிசம்பர் இரண்டு, திங்கள் காலை ஏழு மணிக்கு அது நடைமுறைக்கு வர வேண்டும். இல்போவின் ஆறு மாதத் தகுதிகாண் காலம் அதற்கு முந்தைய வெள்ளியோடு முடிகிறது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு சோதனை தவறியது. தினமும் தானாக ஓடும் சோதனை அது. வரும் ஓராண்டில் ஏதோ ஒரு நாளைச் சீட்டுப் போட்டு எடுப்பதுபோல் எடுத்து, அந்த நாளுக்குப் பதினான்கு வீடுகளைப் பதிந்து, பிறகு அதே நாளின் பட்டியலைக் கேட்கும். பதினான்கும் திரும்பி வர வேண்டும். அன்று ஒன்றுகூட வரவில்லை. பிழை என்றுகூடச் சேவை சொல்லவில்லை. "சரி" என்று சொல்லி ஒரு காலிப் பட்டியலைக் கொடுத்தது. மறுபடி ஓட்டியபோது பதினான்கும் வந்தன. முதல் தடவை எந்த நாளை எடுத்தது என்பது எங்கும் பதிவாகவில்லை.

அன்று மாலை இல்போ அக்கா வீட்டில் காப்பியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய், ஒரு தடவ தப்பு, அடுத்த தடவ சரி. இதுக்குப் போயா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? சரின்னு எழுதிட்டுப் போடா" என்றாள் ரைலா.

"நீ பிரஷர் பாக்குறக்கா. மொத தடவ இருநூறு காட்டுது, அடுத்த தடவ நூத்திமுப்பது காட்டுது. மொத நம்பர கிழிச்சுப் போட்டுருவியா?"

"இன்னொரு தடவ பாப்பேன்."

"அதத்தான் நானும் பண்றேன்."

"நான் மூணாவதோட நிறுத்திருவேன். நீ எத்தன தடவ பாத்த?"

"அறுபத்திரண்டு."

"அறுபத்திரண்டும்?"

"நல்லாத்தான் வந்துச்சு."

ரைலா ஆறிய காப்பியைக் கொட்டிவிட்டுச் சூடாக வேறு ஊற்றி வைத்தாள். தகுதிகாண் காலம் முடிய மூன்று நாள் இருக்கும்போது தம்பி சுவரில் முட்டிக்கொள்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. கிடங்கு வேலை போன குளிர்காலத்தில் அவன் பகலெல்லாம் திரையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்ததை அவள் பார்த்தவள்.

புதன்கிழமை முழுவதும் அவன் காரணம் தேடினான். நினைவகம் நிரம்பியிருக்குமோ, தரவுத்தளம் தூங்கியிருக்குமோ, இணைப்பு அறுந்திருக்குமோ என்று நிரல் எழுதிய யோனதன் ஒவ்வொன்றாகச் சொல்ல, இல்போ ஒவ்வொன்றையும் சர்வர் எழுதிவைக்கும் பதிவுகளில் போய்ப் பார்த்து, நோட்டில் எழுதி, அடித்தான். எதுவும் பொருந்தவில்லை.

வியாழன் காலை ஒப்புதல் கூட்டம். ஒத்திகையில் கைபேசியைப் பயன்படுத்திப் பார்த்தவள் என்பதால் நகராட்சி ரைலாவையும் அனுப்பியிருந்தது. மேலாளர் மாரித் ஒரு தாளை மேசையில் வைத்தாள். அடியில் கையெழுத்துக்கு இரண்டு கோடுகள், ஒன்று மேலாளருக்கு, ஒன்று சோதித்தவருக்கு.

"இல்போ, போடு" என்று பேனாவை நீட்டினாள்.

ஆலையின் ஆய்வறையில் அவன் தினமும் காகிதத்தின் எடையையும் ஈரத்தையும் அளந்தவன். அளந்தது அவன், அறிக்கையில் கையெழுத்திட்டது பொறியாளர். அவன் பெயர் கேட்கப்பட்டது இதுதான் முதல் தடவை. அவன் பேனாவை எடுக்கவில்லை.

"செவ்வாய்க்கெழம காலியா வந்தது எந்த நாளோட பட்டியல்னு தெரியாம போட முடியாது."

யோனதன் சிரித்தான். இருபத்தாறு வயது, கெட்டிக்காரன், மனதில் வன்மம் இல்லாதவன். "காயிதக்காரரே, இது உருளையில சுத்துற பேப்பர் இல்ல. நெட்டுல எப்பவாவது ஒண்ணு இப்படி நழுவும். எல்லா ஊர்லயும் நழுவுது."

"பேப்பர்லயும் எப்பவாவது ஒண்ணுதான் கிழியும். கிழிஞ்ச எடத்தப் போய்ப் பாப்போம்."

மாரித் ரைலாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க மூணு வாரமா வச்சிருக்கீங்க. ஏதாவது கொறை?"

"நான் பாத்தவரைக்கும் ஒரு கொறையும் இல்ல. வருஷத்தோட நாப்பத்தாறாவது வாரம், நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு, மூணு வாரமும் ஒரு வீடு விட்டுப்போகல" என்றாள் ரைலா. சொன்னது உண்மை. தம்பியின் வேலையைக் காப்பாற்றத்தான் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு உன்னப் பத்தி நான் முடிவு எழுதணும், தெரியும்ல?" என்றாள் மாரித்.

"தெரியும்."

"நான் மட்டும் போட்டாலே போதும். இது சும்மா மரியாதைக்கு வச்ச கோடு."

"அப்பப் போட்டுக்குங்க. என் பேரு வேணும்னா, அந்த நாள் எதுன்னு எனக்குத் தெரியணும்."

மாரித் தானும் போடாமல் பேனாவை மூடினாள். தாளை மடித்துக் கோப்பில் வைத்தாள். "திங்கக்கெழம ஏழு மணிக்கு முன்னாடி எனக்கு ஒரு பதில் வேணும்" என்று சொல்லி எழுந்துகொண்டாள்.

வியாழக்கிழமை என்பதால் ஊர் வழக்கப்படி மதியத்துக்குப் பட்டாணி சூப். இல்போ தன் கிண்ணத்தை மேசைக்கே கொண்டுபோனான். ரைலாவுக்கு மாலைப் பணிதான். நாற்காலியை இழுத்து அவனுடைய வலது காதுப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"சூப்பக் குடிடா மொதல்ல."

"சீட்டு எடுக்கறத நிறுத்திட்டேங்கா. நாளையிலேர்ந்து ஒவ்வொரு நாளா வரிசையா ஓட்டப்போறேன்."

"ஒரு வருஷமுமா?"

"ஆமா. ஒரு நாளுக்கு மூணு நிமிஷம்."

நவம்பர் இருபத்தொன்பது. பதினான்கு. முப்பது. பதினான்கு. அவன் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினான். கணினியே எழுதிக்கொள்கிறதே என்று ரைலா கேட்கவில்லை. அவளும் அப்படித்தான், அச்சடித்த பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் ஒருமுறை குறிப்பவள். டிசம்பர் ஆறு, அந்த நாட்டின் சுதந்திர தினம், பதினான்கு. கிறிஸ்துமஸ், பதினான்கு. வெளியே மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. இருபத்தொன்பதாம் தேதி, பதினான்கு.

டிசம்பர் முப்பது, காலி.

இல்போ மறுபடி ஓட்டினான். காலி. மூன்றாவது தடவையும் காலி. முப்பத்தொன்று, காலி. ஜனவரி ஒன்று, பதினான்கு.

"யோனதன்" என்று கூப்பிட்டான். குரல் உயரவில்லை. "கொஞ்சம் வந்து பாரேன்."

யோனதன் வந்து பார்த்தான். தன் நிரலைத் திறந்து சிறிது நேரம் படித்தான். அவன் கழுத்து சிவந்தது.

"வார அட்டவணைக்கு எழுதினதையே இங்கயும் வச்சுட்டேன்" என்றான். "முப்பதாம் தேதி திங்கக்கெழம. அது எந்த வாரம்?"

"ஒண்ணாவது வாரம்" என்றாள் ரைலா உடனே. வருடக் கணக்காக வாரத்தின் எண்ணை வைத்தே வேலைக்குப் போய்வருபவளுக்கு அதை யோசிக்க வேண்டியதில்லை.

"ஆமா. அந்த வாரத்துல பாதிக்கு மேல ஜனவரி, அதனால அடுத்த வருஷத்தோட ஒண்ணாவது வாரம். நான் அந்த நாள் எந்த வருஷம்னு கேக்கல, அந்த வாரம் எந்த வருஷம்னு கேட்டிருக்கேன். இது நேரா 2020 டிசம்பர் முப்பதுக்குப் போய்த் தேடிட்டு, யாரும் இல்ல, எல்லாம் சரின்னு வந்து சொல்லுது."

ரைலா தன் பையிலிருந்து பணி அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். அந்த இரண்டு நாளும் அவளுக்கு விடுப்பு. அவள் சுற்றுக்கு வருவது தற்காலிகப் பணியாள், ஊருக்குப் புதிது. கைபேசி காட்டுவதைத் தவிர எந்த வீடும் தெரியாதவள். காலிப் பட்டியலைப் பார்த்தால் விடுமுறைக்காக யாரோ ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பாள். ஆற்றுக்கு அப்பால் தைஸ்தோ இருக்கிறார், எண்பத்தெட்டு வயது, காலை எட்டுக்கு இன்சுலின், போன் மணி காதில் விழாது. இரண்டு நாள். ரைலா அட்டவணையை மடித்து உள்ளே வைத்தாள்.

"நானா இருந்தாலும் போயிருக்க மாட்டேன்டா" என்றாள். "காலியா இருந்தா காலின்னுதான் நெனப்பேன்."

இல்போ தலையசைத்தான். ஆறிப்போன சூப்பைக் குடித்தான்.

திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை காலை யோனதன் தானே தாளை அவன் மேசைக்குக் கொண்டுவந்தான்.

"இப்பப் போடலாம்ல, காயிதக்காரரே?"

"திருத்தினதுல வேற ஏதாவது கெட்டுச்சான்னு பாக்க வேணாமா?"

"மறுபடியுமா? வருஷம் பூராவுமா?"

"ஆமா. நீயும் உக்காரு. நீ நாளப் படி, நான் எழுதறேன்."

யோனதன் முனகிக்கொண்டே உட்கார்ந்தான். அன்று மாலை மாரித் தகுதிகாண் காலத்தின் முடிவை எழுதினாள். ஒரே வரி: பணி தொடர்கிறது. இல்போ அதைப் படித்துவிட்டுப் பைக்குள் வைத்தான், மார்ச் மாதத்துக்குத் திரும்பினான். சனிக்கிழமையும் வந்தான். ஞாயிறும் வந்தான், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு என்பதால் ரைலா பிளம் ஜாம் வைத்த நட்சத்திரப் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஓராண்டின் கடைசி நாள் முடிந்த பிறகு, அடுத்து வரும் ஐந்து ஆண்டுகளின் இறுதி வாரங்களையும் அவன் ஓட்டினான். பதினான்கு, பதினான்கு, பதினான்கு.

பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து தாளை நேராக வைத்தான். சோதித்தவர் என்ற சொல்லுக்கு எதிரே இருந்த கோட்டில் முழுப்பெயரையும் எழுதினான், இல்போ கார்ப்பினென். பக்கத்தில் தேதி: 1 டிசம்பர் 2019.