டெல்லாவின் பித்தளை வில்லை

டெல்லா பெட்ரிச்சைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் நல்லதாகத்தான் எழுதுவார்கள். அதனால்தான் நான் எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக அவளைப் பார்த்து வயிறெரிந்தவள் நான். என்னளவுக்கு அவளை உன்னிப்பாகக் கவனித்தவர்கள் வேறு யாரும் இல்லை.

லாஸ்ட் மியூல், கொலராடோ மலைமேல் இருக்கிற ஊர். தங்கம் கிடைக்கிறது என்று ஜனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த காலத்தில் இருபதாயிரம் பேர் இருந்தார்களாம். இப்போது நானூறு பேர். பழைய கடைவீதி சுற்றுலாக்காரர்களுக்கு, மலைக்குள் இன்னும் ஓடுகிற சுரங்கம் எங்களுக்கு. 'எங்களுக்கு' என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சலே.

டெல்லாவும் நானும் ஒரே நாளில் சுரங்க வேலைக்கு மனுப் போட்டோம். அவளை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இடது காது மந்தம் என்று டாக்டர் எழுதிவிட்டார். அவள் பம்ப் மெக்கானிக் ஆனாள். ஆயிரத்து இருநூறு அடி ஆழத்தில், ஊற்றுநீர் சுரங்கத்தை மூழ்கடிக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை. எனக்கு அகலப் பாவாடையும் இறகு வைத்த தொப்பியும் கிடைத்தன. 1896-ஆம் வருடத்துச் சீமாட்டியாக வேஷம் கட்டிக்கொண்டு அருங்காட்சியகத்தில் நிற்பேன். உடன் வேலை பார்ப்பது பஞ்சு அடைத்த ஒரு கோவேறு கழுதை.

ஷிப்ட் முடிந்து, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுகிற பேஸ்டிக் கடைக்கு அவள் வந்தால் ஆண்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். நகக்கண்ணில் அழுக்கோடு பேஸ்டியைப் பிய்த்துத் தின்பாள். எனக்கு அந்த அழுக்கின் மேல்கூடப் பொறாமை.

"என்னடி மேவிஸ், இன்னிக்கு எத்தனை பேரு உன் கழுதையோட போட்டோ எடுத்துக்கிட்டாங்க?" என்பாள்.

"உன்னோட எடுத்துக்க ஆள் வராதுடி. அதனால கழுதைகிட்டப் போறாங்க."

கடையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். நான் மட்டும் வீட்டுக்குப் போய் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

செவ்வாய்தோறும் சுற்றுலாக்காரர்களைச் சுரங்க வாசல் வரை கூட்டிப்போவது என் வேலை. அங்கே சுரங்கக்காரர்கள் தலைவிளக்கு எடுக்கிற அறையில் ஒரு பலகை உண்டு. 'வெளியே', 'உள்ளே' என்று இரண்டு பக்கம். இறங்குகிறவர்கள் தங்கள் எண் பொறித்த பித்தளை வில்லையை 'வெளியே' பக்கத்திலிருந்து கழற்றி 'உள்ளே' பக்கத்து ஆணியில் மாட்டுவார்கள். ஏறி வந்ததும் மாற்றி மாட்டுவார்கள். அடுத்தவர் வில்லையை யாரும் தொடமாட்டார்கள். போன ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் தொட்டேன்.

நாற்பத்தொன்று. டெல்லாவுடையது. விளிம்பு தேய்ந்து, 'உள்ளே' பக்கத்தில் பளபளவென்று தொங்கியது. அருங்காட்சியகத்தில் நான் நடத்துகிற நிகழ்ச்சியில் காட்டுவதற்கு எனக்குத் தகர வில்லைதான் கொடுத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் நிஜமானது என் கையில் இருக்கட்டும், பிறகு மாட்டிவிடலாம் என்று பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மதியம் மூன்று மணிக் காட்சி. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் கேட்டாள்: "இது யாரோடதுங்க?"

"என்னோடதுதான். இருபத்திரண்டு வருஷம் உள்ள இறங்கியிருக்கேன்."

கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு இனித்த கைதட்டல் கிடையாது. அந்தத் தெம்பில், தினமும் ஒப்பிக்கிற பேச்சைத் தொடர்ந்தேன்.

"மூணரைக்கு வெடி வைப்பாங்க. அதுக்கு முன்னாடி பலகையப் பாப்பாங்க. 'உள்ளே' பக்கம் ஒரு வில்லை தொங்கினாலும் வெடி கிடையாது. ஒண்ணுகூட இல்லைன்னா எல்லாரும் மேல வந்துட்டாங்கன்னு..."

வாய் நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தாறு.

பாவாடையைத் தூக்கிக்கொண்டு தொலைபேசிக்கு ஓடினேன். ஷிப்ட் பொறுப்பாளர் ஆல்வின் எடுத்தார்.

"வெடிக்காதீங்க ஆல்வின்! டெல்லா கீழ இருக்கா!"

"உளறாத மேவிஸ். 'உள்ளே' பக்கம் காலி. இப்பத்தான் பாத்தேன்."

"அவ வில்லை என் கையில இருக்கு!"

அந்தப் பக்கம் ரிசீவர் எதிலோ மோதும் சத்தம், அவர் யாரிடமோ கத்தும் சத்தம். மூன்றரை ஆயிற்று. தினமும் அந்நேரத்துக்கு அதிர்கிற ஜன்னல் அன்று அதிரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சுரங்க வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டு மேலே வந்துகொண்டிருந்தது. பம்ப் பழுதாகி, டெல்லா காதில் அடைப்பானோடு அடியில் தனியாக அதைச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறாள்; மற்றவர்கள் மேலே ஏறிப்போனதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. கதவு திறந்ததும் இருபது ஆண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆல்வின் அழுதார். ஒருவன் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளைச் சாகக் கொடுக்கப் பார்த்த நான், அப்போதும் அந்தக் கோட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அவள் நேரே என்னிடம் வந்து கையை நீட்டினாள். வில்லையை வைத்தேன்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடி."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்" என்றாள்.

போய் 'வெளியே' பக்கத்து ஆணியில் அதை மாட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சுரங்க வாசலை மிதிக்க எனக்கு இனி அனுமதி இல்லை. கழுதையோடு நிற்கிற வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள். பேஸ்டிக் கடையில் டெல்லா இப்போது என்னைக் கேலி செய்வதில்லை. எல்லோரையும் செய்கிறாள், என்னை மட்டும் இல்லை. அவளிடம் கேலி வாங்குகிறவர்களைப் பார்த்தாலும் இப்போது எனக்கு வயிறெரிகிறது.