ஆறு எண்ணும் ஒரு சாவியும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு போன் வந்தது. அதில்தான் எல்லாம் தொடங்கியது. எனக்கு அப்போது அறுபத்தேழு வயது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. பத்திரிகைக்கு எழுதுவது இதுவே முதல் தடவை.

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் சத்தம் கொடுக்க மாட்டேன். வேறு யாராவது இறங்கினால் கூடவே இறங்குவேன். இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். யாராவது ஒன்று கேட்டால் முடியாது என்று சொல்லவும் வராது.

கையில் கத்தரி இருந்தால் மட்டும் அந்தக் கூச்சம் எங்கோ போய்விடும். நாற்பது வருடமாகப் பன்னீர் திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டுகிற கை. தடித்த குச்சியில் ஐந்து கணு, மெலிந்த குச்சியில் இரண்டு கணு விட்டு, மீதியை வெட்டித் தள்ள வேண்டும். கணக்குத் தப்பினால் கொடி தழைக்கும், காய்க்காது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் லீவுக்கு வந்தபோது, நான் வெட்டுவதைப் போனில் படம் பிடித்து, எனக்கென்று ஒரு வீடியோ சேனல் திறந்து அதில் போட்டுவிட்டாள். முகம் தெரியக் கூடாது என்று சண்டை போட்டேன். அதனால் என் கை மட்டும் தெரியும், குரல் மட்டும் கேட்கும். பிறகு நானே பழகிக்கொண்டேன். பந்தலின் கல்தூணில் போனைக் கட்டி வைத்துவிட்டு வெட்டிக்கொண்டே பேசுவேன். புதிதாகத் திராட்சை வைத்தவர்கள் சந்தேகம் கேட்பார்கள், அடுத்த வீடியோவில் பதில் சொல்வேன். நாலு பேர் முன்னால் நாக்கு எழாத நான் அங்கே மட்டும் நிறுத்தாமல் பேசினேன்.

அன்றைக்குப் போனில் பேசியது ஒரு ஆண் குரல். அத்தனை மரியாதை.

"அம்மா, வணக்கம்மா. உங்க சேனல் மேல ஒரு புகார் வந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலைன்னா அழிச்சிருவாங்க. நீங்க பயப்படாதீங்கம்மா, நான் பார்த்துக்கிறேன். உங்க போன்ல ஆறு எண் வரும். நிதானமாப் படிச்சுச் சொல்லுங்க."

எண் வந்தது. அதன் கீழேயே இதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்றும் இருந்தது. அதையும் படித்தேன். படித்துவிட்டுத்தான் சொன்னேன். அவ்வளவு பணிவாகக் கேட்கிறவரிடம் எப்படி மறுப்பது? ஒவ்வொரு எண்ணாக, அவர் எழுதிக்கொள்ள நேரம் கொடுத்துச் சொன்னேன். "ரொம்பத் தெளிவாப் படிக்கிறீங்கம்மா" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சேனலைத் திறந்து பார்த்தேன். பெயர் மாறியிருந்தது. யாரோ ஒரு வெளிநாட்டு ஆள் என்னவோ கத்திக்கொண்டிருந்தார். என் கையைக் காணோம்.

கூட வேலை செய்பவள் ஒருத்தி இருக்கிறாள். என் வயதுதான், என்னை மதினி என்று கூப்பிடுவாள். அவள் வாய் சும்மா இருக்காது.

"ஏன் மதினி, அஞ்சாப்புப் படிச்ச பெருமையை அவன்கிட்ட வாசிச்சுக் காட்டினியாக்கும்? நானா இருந்தா தப்பிச்சிருப்பேன். எனக்குத்தான் வாசிக்கவே தெரியாதே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்று முழுக்க எத்தனை கணு விடுகிறோம் என்று கை தடுமாறியது.

மகள் பதினோரு நாள் அந்த வீடியோ தளத்துக்கு எழுதி எழுதிப் போராடி சேனலை மீட்டாள். வீடியோக்கள் திரும்பி வந்தன. ஆனால் மறுநாளே அவற்றுக்குக் கீழே ஒரு செய்தி வந்தது. தேவதானப்பட்டிப் பக்கம் முதல் தடவையாகத் திராட்சைப் பந்தல் போட்ட ஒரு பெண் எழுதியது. அவருடைய கொடிக்கு எப்படி வெட்டுவது என்று அந்த வாரம் வீடியோ போடுவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"நாலு நாள் உங்களை எதிர்பார்த்தேம்மா. கவாத்துக்கு ஆள் வந்துட்டாக, நிறுத்தி வைக்க முடியல. குத்துமதிப்பா வெட்டிட்டோம்."

ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதினார். இலை நன்றாகத் தழைத்திருக்கிறது, கொத்து இல்லை, இந்தப் போகம் அவ்வளவுதான் என்று. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் ஆறு எண்ணை வாசித்ததற்கு எங்கேயோ ஒரு பந்தல் காய்க்காமல் நின்றது.

மகளிடம் சொன்னேன். அவள், "இனி இந்தத் தொல்லை உனக்கு வேணாம்மா. பாஸ்வேர்டை நான் வச்சுக்கிறேன். நீ வீடியோ எடுத்து அனுப்பு, நான் போட்டுக்கிறேன்" என்றாள். என் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் நான், "வேணாம் பாப்பா. என்னால போச்சு, நானே காப்பாத்திக்கணும். அதுக்கு வழி இருந்தாச் சொல்லு" என்றேன். நான் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

அப்புறம்தான் அந்தச் சாவியைப் பற்றிச் சொன்னாள். கட்டைவிரல் அளவுதான் இருக்குமாம். போனில் சார்ஜ் போடும் துளையில் செருகித் தொட வேண்டும். பாஸ்வேர்டு தெரிந்தவன்கூட அந்தச் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாதாம். வாங்கி அனுப்புகிறேன் என்றாள். நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தேனிக்குப் பஸ் ஏறினேன். வழக்கம்போல இறங்கும் இடத்தைத் தவறவிட்டு, வெயிலில் திரும்பி நடந்தேன். மூன்று கடைகளில் பென் டிரைவை எடுத்து நீட்டினார்கள். ஒரு கடையில், "அதெல்லாம் உனக்கு எதுக்கு ஆத்தா?" என்று சிரித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். அன்று நாலாவது கடைக்குள் ஏறினேன்.

பைபிள் வசனக் காலண்டர் மாட்டிய சின்ன மொபைல் கடை. என் மகள் வயதில் ஒரு பெண் இருந்தார். நான் திக்கித் திணறிச் சொன்னதும் புரிந்துகொண்டார்.

"இங்கன அதை யாரும் கேக்க மாட்டாகம்மா. வரவழைச்சுத் தாரேன். ஆனா ரெண்டா வாங்கிக்கங்க. ஒண்ணு தொலைஞ்சா அப்புறம் நீங்களே வெளிய நிக்கணும்."

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். அந்தப் பெண் என் போனைக் கையில் வாங்கவே இல்லை. எங்கே தொட வேண்டும் என்று வாயால் சொல்லச் சொல்ல, என்னையே செய்ய வைத்தார். பாஸ்வேர்டு போடும் இடம் வந்ததும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"நீ பாரு தாயி. உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு?"

"என்கிட்டயும் காட்டக் கூடாதும்மா. நல்லவகளா கெட்டவகளான்னு பார்த்துக் காட்டுறதில்ல இது" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

சாவியைச் செருகினேன். அதன் நடுவில் தங்க நிறத்தில் ஒரு வட்டம். தொடுங்கள் என்றார். எனக்குக் கை வரவில்லை.

"என் ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு தாயி. ரேஷன் கடை மெஷினே என்னைய எடுக்காது."

"இது ரேகை பாக்காதும்மா. ஒரு ஆள் தொடுறாகளான்னு மட்டும்தான் பாக்கும். தொடுங்க."

தொட்டேன். சாவியில் ஒரு சின்ன விளக்கு மின்னியது. கதவு திறந்ததுபோல உள்ளே போய்விட்டது. இரண்டாவது சாவியையும் அப்படியே பதிய வைத்துவிட்டு, ஆறு எண் வருகிற வழியை அடைக்கச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்: "இந்தச் சாவிக்கு அதோட கதவு எதுன்னு தெரியும்மா. அச்சு அசலா அதே மாதிரி வேற கதவை ஒருத்தன் செஞ்சு வச்சாலும் திறக்காது."

ஒரு சாவியை பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்தேன். இன்னொன்றை வீட்டுச் சாவிக் கொத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். தினமும் வேலை முடிந்ததும் சேனலை விட்டு வெளியே வந்து, சாவி போட்டு மறுபடி உள்ளே போவேன். மறந்துவிடக் கூடாது என்று ஒரு வைராக்கியம்.

"புது மருமக கைக்கு பீரோ சாவி வந்த மாதிரில்ல இருக்கு!" என்பாள் கூட வேலை செய்பவள். நான் கண்டுகொள்ளவில்லை.

ஆறு மாதம் போயிருக்கும். மறுபடி கவாத்து. மறுபடி ஒரு போன். வேறு குரல், அதே பணிவு, அதே புகார். ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறேன், அதில் பாஸ்வேர்டைப் போடுங்கள் அம்மா என்றார். இத்தனை பட்ட பிறகும் என்ன செய்தேன் தெரியுமா? போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டைப் போட்டேன். தப்பு என்று மனசுக்குள் ஒரு மூலை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அவர் அம்மா, அம்மா என்று பேசப் பேச என்னால் நிறுத்த முடியவில்லை.

"ஆறு எண் வந்திருக்குமே, சொல்லுங்கம்மா."

"எனக்கு எண் வராதுங்க. சாவிதான்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப சாவியைப் போட்டுத் தொடுங்கம்மா."

இடுப்பிலிருந்து கொத்தை எடுத்துச் செருகினேன். தொட்டேன். இந்தச் சாவி இங்கே பதிவாகவில்லை என்று போனில் வந்தது. மறுபடி தொட்டேன். மறுபடியும் அதே. ஆறு மாதமாக ஒரு நாள்கூட என் விரலை மறுக்காத சாவி. அந்தக் கடைக்காரப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது அப்போது ஞாபகம் வந்தது. அவர் சொன்ன மாதிரி, இது என் கதவு இல்லை.

"இன்னொரு தடவை தொடுங்கம்மா. இல்லன்னா சேனல் போயிரும்."

பக்கத்தில் கிடந்த கத்தரியை வலது கையில் எடுத்தேன். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"முடியாதுங்க" என்றேன்.

"அம்மா, நான் உங்க நல்லதுக்குத்தான்..."

"முடியாதுங்க."

போனை வைத்துவிட்டேன். அப்படியே வரப்பில் உட்கார்ந்து, என் சேனலுக்குள் வழக்கமான வழியில் போனேன். சாவியைத் தொட்டதும் திறந்தது. யாரையும் கூப்பிடாமல் நானே பாஸ்வேர்டை மாற்றினேன்.

"யாரு மதினி போன்ல?" என்று கேட்டபடி அவள் வந்தாள்.

"சாவியப் போடச் சொன்னான். முடியாதுன்னுட்டேன்."

"யாரு, நீயா?" கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இத்தன வருசத்துல உன் வாயில இருந்து அது வந்து நான் கேட்டதே இல்லையே! எங்க, இன்னொரு தடவை சொல்லு."

"முடியாது, போடி!" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அந்த வாரமே தேவதானப்பட்டிப் பெண்ணுக்காக வீடியோ எடுத்தேன். முதல் குச்சியிலிருந்து கடைசிக் குச்சி வரை, எந்தக் கணுவுக்கு மேலே வெட்டுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அடுத்த போகத்தில் அவர் ஒரு படம் அனுப்பினார். பந்தலுக்குக் கீழே கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போதும் பஸ்ஸில் என் குரல் எழும்புவதில்லை, நடந்துதான் திரும்பி வருகிறேன். ஆனால் அந்தச் சாவி இடுப்பில் உரசும்போதெல்லாம், மரியாதையாகக் கேட்பவரிடம் மறுப்பது மரியாதைக் குறைவு இல்லை என்று எனக்கு முதலில் காட்டியவர் சுவரைப் பார்த்து நின்ற அந்தப் பெண்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.