சோனா ஊற்றாத தண்ணீர்

லினாரெஸ் ஊரைச் சுற்றிய பொட்டலில் அனகவீத்தா மரங்கள் கேட்பாரில்லாமலேயே வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ஹெர்லிந்தா தன் வீட்டு வாசலில் ஆசையாக வளர்த்த அனகவீத்தா மட்டும் இலையாகத் தழைத்ததே தவிர ஒரு மொட்டுகூட விட்டதில்லை. இத்தனைக்கும் தினமும் காலையில் வாசல் கழுவியதும் அதற்கென்று ஒரு வாளித் தண்ணீர் தனியாக ஊற்றுவாள்.

மகளின் பிரசவத்துக்கு மான்டெர்ரே நகரத்துக்குக் கிளம்பியபோது அந்த வாளியைப் பக்கத்து வீட்டுச் சோனாவிடம் ஒப்படைத்தாள். கோடை முழுக்க அங்கேயே தங்கும்படி ஆயிற்று. முதல் மழை பெய்த பிறகு ஊர் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மரம் முழுக்கப் பூ.

"அடியே சோனா, அப்படி என்னத்தடி ஊத்துன?"

குரல் கேட்டு வெளியே வந்த சோனாவின் முகத்தில் ஈயாடவில்லை. "திட்டாதக்கா. ஒரு நாளும் ஊத்தல. அந்த வெயில்ல யாரு வாளியைத் தூக்குறது?"

ஹெர்லிந்தா பூவைப் பார்த்தாள், பொட்டலைப் பார்த்தாள். அங்கே மட்டும் யார் வாளி தூக்கினார்கள்? சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பையிலிருந்த பால் மிட்டாய் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"வேணாங்கா, வெக்கமா இருக்கு."

"புடிடி. உன் சோம்பேறித்தனத்துக்காக மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தியும் ஏத்தப்போறேன்."

சோனாவுக்கு உயிர் வந்தது. "அப்ப அடுத்த கோடைக்கும் நானே பாத்துக்கறேங்கா. ஒரு சொட்டுத் தண்ணிகூட விழ விடமாட்டேன்!"