மூட்டைக்கு முதல் சவாரி

சைக்கிளுக்கு மோட்டார் மாட்டினால் நான் எஸ்டேட்டுக்கு நடக்க வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். முட்டி வலி வந்த பிறகு, கிளியூரிலிருந்து அந்த மேட்டை ஏறுவதை நினைத்தாலே எனக்கு அழுகை வரும். அதனால் மோட்டார் பெட்டி வந்த அன்று அவரைவிட எனக்குத்தான் ஆசை அதிகம்.

வெளிநாட்டில் செய்த மலிவு செட். மோட்டார் வைத்த சக்கரம், பேட்டரி, வயர், புது பிரேக் கட்டைகள் எல்லாம் இருந்தன. செய்தவன் பேரும் இல்லை, ஊரும் இல்லை. மெல்லிசாக இருந்த வயரை அவரே சேலத்தில் மாற்றிக்கொண்டு வந்தார். பேட்டரியைச் சார்ஜில் போட்டு, சூடாகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அதுவரை நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிரேக் கட்டையில்தான் அவருடைய தொழில் புத்தி புகுந்தது. காபி காயப்போடும் களத்தில் அவருக்கு வேலை. கொட்டையைக் கடித்துப் பார்ப்பார். பல் பதிந்தால் இன்னும் காயவில்லை, பதியாவிட்டால் மூட்டை கட்டலாம். பிரேக் கட்டையிலும் நகத்தை வைத்து அழுத்தினார். அது போதாதென்று கடித்தும் பார்த்தார்.

"பல்லே எறங்கல புள்ள. நொம்பக் கெட்டிச் சாமான்."

பழைய ரப்பர் கட்டையில் நகம் பதிந்ததால் அதைக் கழற்றி வீசினார். பக்கத்து வீட்டுக்காரர்களும் களத்து ஆட்கள்தான். ஆளாளுக்கு நகத்தை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

வண்டி மேடு ஏறியது. எங்கள் மலையில் எந்த வண்டிக்கும் அதுதான் பரீட்சை. இறங்குவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அது தானாக இறங்கிவிடும் என்று நினைப்பு. ஆனால் சாயங்காலம் அந்த இறக்கத்தில் கேரியரில் உட்காரப்போவது நான் அல்லவா?

"ஏனுங்க, எனக்குப் பதிலா ஒரு மூட்டைய வெச்சு எறங்கிக் காட்டுங்க. அப்பறம் நான் ஏறுறேன்."

"என்னைய நம்பமாட்டியா?"

"உங்கள நம்பறனுங்க. கட்டையத்தான் நம்பல."

சலித்துக்கொண்டே ஓர் உர மூட்டையைக் கேரியரில் கட்டினார். கிட்டத்தட்ட என் கனம்தான். நான் வளைவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாதி இறக்கம் வரை நன்றாகத்தான் வந்தார். வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தபோது கீச்சென்று சத்தம் வந்ததே தவிர, வேகம் குறையவில்லை. கல்லு மாதிரி இருந்த கட்டை சக்கரத்தைக் கவ்வாமல் வழுக்கியது. காலைத் தரையில் தேய்த்து, காபிச் செடிக்குள் வண்டியை விட்டுவிட்டார். முழங்கையில் சிராய்ப்போடு எழுந்தும் விட்டார்.

மூட்டை அங்கே இல்லை. கயிறு அறுந்து வளைவைத் தாண்டிப் போய், கீழே பாறையில் கிழிந்து கிடந்தது.

அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். 

மறுநாளே ஏற்காட்டில் நல்ல ரப்பர் கட்டை வாங்கி மாட்டினார். இப்போது பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. தினமும் மேட்டில் கேரியரில்தான் போகிறேன். ஆனாலும் திரும்பி வரும்போது அந்த வளைவுக்கு முன்னால், நான் ஒன்றும் சொல்லாமலே வண்டியை நிறுத்திவிடுகிறார். இரண்டு பேரும் இறங்கி, அதை நடந்தே தாண்டுகிறோம்.